வியாழனுக்குள் ஓர் எண்

வியாழக்கிழமைக்குள் ஓர் எண் வேண்டும் என்றார்கள்:
நாட்டில் மொத்தம் எத்தனை தீவுகள்?
படிவத்தில் மூன்று பத்திகள்.
இயற்கை. செயற்கை. முன்னாள்.

முன்னாள் அமைச்சரைத் தெரியும்.
முன்னாள் கணவனையும் தெரியும்
(ஹுமூத், இப்போது ரிஃபாவில், இரண்டு பிள்ளைகள்).
முன்னாள் தீவு எங்கே குடிபோகும்
என்று யோசித்ததில்
தேநீர் ஆறிப்போனது.

இயற்கைப் பத்தியில் சிக்கல் இல்லை என்பார்கள். பொய்.
வடக்கே ஒரு மணல்திட்டு
நாளுக்கு இரண்டு முறை பிறக்கிறது,
இரண்டு முறை சாகிறது.
ஓதம் வடிந்தால் நீர்க்காகங்கள் வந்து நின்று
பட்டா வாங்கியவை போல இறகு உலர்த்தும்.
ஏறினால் வெறும் நிறமாற்றம்.
எந்த மணிக்கு எண்ணுவது?
காலை பத்தரைக்கு எண்ணினேன்.
அலுவலக நேரம் அதுதான்.

செயற்கை எளிது.
அவற்றுக்குப் பிறந்த தேதி உண்டு, ஒப்பந்த எண் உண்டு.
பிறையாகவும் மீன்முள்ளாகவும் தாளில் வரைந்து
கடலடி மணலை உறிஞ்சித் துப்பிய தீவுகள்.
விளம்பரப் பலகையில் ஈச்சமரங்கள்
நிழலோடு வந்து நின்றுவிட்டன.
நேரில் இன்னும் வரவில்லை.

செவ்வாயன்று மிர்ஸா வந்தார்,
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பத்திரத்தோடு.
நிலப்பத்திரம் அல்ல, கடல்பத்திரம்.
ஸுபைதித் தீவுக்குக் கிழக்கே நானூறு அடியில்
ஈச்சமட்டை நட்டுக் கட்டிய மீன்பட்டி;
பாதி இவர் பெயரில், பாதி அண்ணன் பெயரில்.
“இழப்பீட்டுப் படிவத்தில்
கரையிலிருந்து தூரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, மக்கியா.
என்ன எழுதட்டும்?”

வரைபடத்தை விரித்தேன்.
ஸுபைதித் தீவு இப்போது ஒரு ரவுண்டானா.
கரை அதைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போய்விட்டது.

அவர் காரை ஓட்டவில்லை, செலுத்தினார்.
சாலைப் பலகை எதையும் பார்க்கவில்லை.
பழைய மினாரா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
ஒளியும்வரை நேராக,
பிறகு மின்கோபுரம் இடத்தோளுக்கு வரும்வரை மெதுவாக.
பின்னால் ஹாரன்கள் திட்டின.
அவருக்கு அது கடற்பறவை.

போய்ச் சேர்ந்த இடம் ஒரு பேரங்காடி.
இரண்டாம் அடித்தளம், கார் நிறுத்தம்,
நாற்பத்தொன்றாம் தூண்.
“பட்டியின் வாய் இங்கேதான்” என்றார்,
ஒரு வெள்ளை லெக்ஸஸைக் காட்டி.
“ஓரா மீன் உள்ளே வரும். திரும்ப வழி தெரியாது.”

தூணடியில் ஈரம்.
காவலாளி தில்பகதூர், நேபாளத்துக்காரர், ஓடிவந்தார்:
இரவும் பகலும் பம்பு ஓடுகிறது மேடம்,
எங்கிருந்து வருகிறது என்று
பொறியாளருக்கே தெரியவில்லை.

மிர்ஸா குந்தி உட்கார்ந்து
விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.
“உப்பு இல்லை.”

பிறகு என்னையும் வைக்கச் சொன்னார். வைத்தேன்.
கொஞ்சம் சிமெண்ட், கொஞ்சம் டீசல்,
அதற்கடியில் நல்ல தண்ணீர்.
இரண்டு கடல் என்று பெயர் வைத்துக்கொண்ட நாடு இது:
மேலே உவர், அடியில் ஊற்று.
அந்த ஊற்றுகள் வற்றிவிட்டன என்று
எங்கள் அலுவலகமே அறிக்கை போட்டது.
தட்டச்சு செய்தவள் நான்.

அவர் தில்பகதூரிடம் ஒரு காலி பாட்டில் கேட்டார்.
அது நிறைய முக்கால் மணி நேரம் ஆனது.
லெக்ஸஸின் சொந்தக்காரி வந்து,
எங்கள் மூவரையும் பார்த்து,
ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்துப் போனாள்.

வியாழனன்று நான் ஓர் எண்ணைக் கொடுத்தேன்.
யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

மிர்ஸாவின் படிவம் திரும்பி வந்தது.
கரையிலிருந்து தூரம் என்ற கட்டத்தில்
‘பதினெட்டுப் படி கீழே’ என்று எழுதியிருந்தார்.
எண்களை மட்டும் நிரப்பவும் என்று
சிவப்பு முத்திரை.

இப்போது வெறும் 18.
பரிசீலனையில் இருக்கிறது.